அசிட்டைல் கோ-ஏ: நாம் உண்பதெல்லாம் வந்து சேரும் ஜங்ஷன்



சில ஆண்டுகளுக்கு முன், ரமளான் பிறை தெரிவதற்கு முந்தைய வாரம். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், நான் தினம் ரெண்டு வேளை இன்சுலின் போடுறேன். நோன்பு வைக்கலாமா?" என்றார். இன்சுலின் ஊசியால் நோன்பு முறியாது என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். "டாக்டரைக் கேட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் தன் மனத்தில் வேறு கணக்குப் போட்டிருந்தார். பகல் முழுக்கச் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லையென்றால் சர்க்கரை ஏறாது. ஏறாத சர்க்கரைக்கு ஊசி எதற்கு? முதல் நோன்பிலேயே ஊசியை நிறுத்திவிட்டார். நான்காம் நோன்பு அன்று அஸருக்குப் பிறகு வாந்தி, வயிற்றுவலி, ஓடி வந்தவரைப் போல மூச்சிரைப்பு. வாயில் கனிந்து அழுகிய பழம் போல ஒரு வாடை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்துக்குக் காரில் கொண்டு போகும்போது அவர் தலை அவருடைய மகன் மடியில் இருந்தது. பல நாட்கள் மருத்துவமனையில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், பிழைத்து வந்தார்.

"சாப்பிடாமல் இருந்ததால் மட்டும் வந்ததில்லை இது, ஊசியை நிறுத்தியதால் வந்தது. சாப்பாடு இல்லாத நேரத்திலும் உடம்புக்கு இன்சுலின் வேண்டும்" என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். அது எனக்கு அன்று விளங்கவில்லை. மதரஸாவில் ஓதி, பிறகு கலைப் பிரிவில் பட்டம் வாங்கியவன் நான், வேதியியல் தெரியாது. ஆனால் மார்க்கம் கேட்டு வருபவருக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவன் இதை அறியாமல் இருப்பது சரியல்ல என்று படிக்கத் தொடங்கினேன். படித்த பக்கமெல்லாம் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது: அசிட்டைல் கோ-ஏ. சர்க்கரை நோய், கல்லீரல் கொழுப்பு, கொலஸ்ட்ரால், நோன்பு என எல்லாம் சந்திக்கும் இடம் அது. நம் குடும்பங்களுக்குப் பயன்படும் அளவுக்கு அதை இங்கே எழுதுகிறேன்.

அசிட்டைல் கோ-ஏ என்றால் என்ன?

நம் விருத்தாசலம் ஜங்ஷனை எண்ணிப் பாருங்கள். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் போகிறது. எங்கிருந்து வந்த வண்டியானாலும் இங்கே வந்துதான் வழி பிரியும்.

நம் உடம்பின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லிலும் அப்படி ஒரு ஜங்ஷன் இருக்கிறது. சோறு, சப்பாத்தி, பேரீச்சம்பழம் ஆகியவை குளுக்கோஸ் ஆகின்றன. எண்ணெயும் நெய்யும் கொழுப்பு அமிலங்கள் ஆகின்றன. இறைச்சி, மீன், பருப்பு ஆகியவை அமினோ அமிலங்கள் ஆகின்றன. தட்டில் இருக்கும்போது இவை வெவ்வேறு உணவுகள். உடம்பு இவற்றை எரிபொருளாக்கும்போது, பெரும்பகுதி கடைசியில் இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு துண்டாகிவிடுகிறது. அந்தத் துண்டுதான் அசிட்டைல். அது தனியே அலைய முடியாது. அதைச் சுமந்து செல்ல ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டியின் பெயர் கோஎன்சைம் ஏ, சுருக்கமாகக் கோ-ஏ. சுமையும் வண்டியும் சேர்ந்ததே அசிட்டைல் கோ-ஏ.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு அசிட்டைல் கோ-ஏ தரும். பதினாறு கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு எட்டு தரும். ஒரு கிராம் மாவுச்சத்தில் சுமார் 4 கலோரியும் ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 9 கலோரியும் இருப்பதற்கு, கொழுப்பில் இப்படி எரிக்கத்தக்க கார்பன் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஜங்ஷனுக்கு வந்த அசிட்டைல் கோ-ஏ முன்னே நான்கு முக்கிய வழிகள் உண்டு.

1. எரிந்து சக்தியாவது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கிரெப்ஸ் சுழற்சி வழியாக எரிந்து, நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவாகவும் ஏ.டி.பி. என்ற சக்தியாகவும் மாறுகிறது.
2. கொழுப்பாகச் சேமிக்கப்படுவது.
3. கொலஸ்ட்ரால் ஆவது.
4. கல்லீரலில் கீட்டோன் ஆவது.

நான்கும் அல்லாஹ் நம் நலனுக்காகவே அமைத்த வழிகள். கொழுப்பு இல்லாவிட்டால் பசியைத் தாங்க முடியாது. கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால் செல்லின் சவ்வும் பல ஹார்மோன்களும் இல்லை. கீட்டோன் இல்லாவிட்டால் நீண்ட பட்டினியில் மூளை தாங்காது. எந்த வழியில் எவ்வளவு போக வேண்டும் என்ற கணக்கு தவறும்போதுதான் நோய் வருகிறது. அந்தக் கணக்கைப் பார்க்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களில் தலையானது இன்சுலின்.

இதைக் கண்டறிந்த வரலாறும் நம் மண்ணும்

1937-ல் ஹான்ஸ் கிரெப்ஸ் அந்தச் சுழற்சியை விவரித்தார். ஆனால் உணவிலிருந்து வரும் இரண்டு கார்பன் துண்டு எந்த உருவில் உள்ளே நுழைகிறது என்பது தெரியாமல் இருந்தது. 1940-களின் நடுவில் ஃபிரிட்ஸ் லிப்மன் கோஎன்சைம் ஏ-யைக் கண்டுபிடித்தார். 1951-ல் ஃபியோடர் லினன், அசிட்டைல் அதனுடன் கந்தக அணு வழியாகப் பிணைந்திருப்பதைக் காட்டினார். கிரெப்ஸும் லிப்மனும் 1953-ல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். லினன், கொலஸ்ட்ரால் ஆய்வாளர் கான்ராட் பிளாக்குடன் சேர்ந்து 1964-ல் பெற்றார்.

இந்த வரலாற்றில் சென்னையில் படித்த ஒருவருக்கும் இடம் உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். 1929-ல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து ஏ.டி.பி.யைக் கண்டறிந்து வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியே அதைக் கண்டார். அசிட்டைல் கோ-ஏ எரிந்து கிடைக்கும் சக்தி முடிவில் அந்த ஏ.டி.பி. உருவில்தான் சேர்கிறது. கோ-ஏ என்ற வண்டியைக் கட்டத் தேவையான பேன்டோதெனிக் அமிலம், அதாவது வைட்டமின் பி5 பற்றியும் அவர் 1930-களின் இறுதியில் ஆய்வு செய்தார். 1948-ல் காலமானார்.

குன்னூர் தந்த இரண்டு பாடங்கள்

இதில் தமிழ்நாட்டுக்கே உரிய பகுதி குன்னூரில் இருக்கிறது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

பெரிபெரி என்பது கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் பலவீனமாகும் நோய். தீட்டிய பச்சரிசியை முதன்மை உணவாகக் கொண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் அது அதிகம் இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்த அளவு இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் வைட்டமின் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு நிலைத்திருக்கிறது.

பி1-க்கும் நம் ஜங்ஷனுக்கும் என்ன தொடர்பு? குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆக ஒரு கேட்டைத் தாண்ட வேண்டும். அந்தக் கேட்டின் சாவிகளில் ஒன்று வைட்டமின் பி1. சாவி இல்லாவிட்டால் வயிறு நிறையச் சோறு தின்றாலும் அது முழுதாக எரியாது. குளுக்கோஸை அதிகம் நம்பியிருக்கும் நரம்பும், ஓயாது உழைக்கும் இதயமும் முதலில் தளரும். நம் பாட்டிமார் நெல் அவித்தது எவ்வளவு பெரிய மருத்துவம் என்பது இப்படிப் பார்த்தால் புரியும். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதும், நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் அந்தச் சத்தைக் குறைக்கும்.

இரண்டாவது பாடம் 1918-ல் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் தந்தது. குன்னூர் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், உள்ளங்கால் எரிச்சல் நோய் பற்றி 1946-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சத்துக்குறைவான உணவு உண்டவர்களுக்கு வந்த அந்த எரிச்சல், பேன்டோதெனிக் அமிலம் கொடுத்தபோது தணிந்ததை அதில் பதிவு செய்தார். பின்னாளில் அவர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தையும், அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் தலைமையேற்று நடத்தினார். 2019-ல் நூறு வயதில் காலமானார்.

இதைப் படித்துவிட்டு பி5 மாத்திரை வாங்க ஓட வேண்டாம். பேன்டோதெனிக் என்ற பெயரே 'எங்கும் இருப்பது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முட்டை, பால், இறைச்சி, பருப்பு, காளான், தீட்டாத தானியம் எல்லாவற்றிலும் இருக்கிறது. இன்று அதன் குறைபாடு மிக அரிது. நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிக்கு வரும் கால் எரிச்சல் பெரும்பாலும் சர்க்கரையால் நரம்பு பாதிப்பதால் வருவது; சிலருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் எடுத்ததால் பி12 குறைந்து வரலாம். பரிசோதித்துக் காரணம் பார்ப்பதே முறை.

நிறைய வந்தால்: கல்லீரல் கொழுப்பு

உண்ட உடனே குளுக்கோஸ் ஏறுகிறது, இன்சுலின் சுரக்கிறது. தேவைக்கு எரித்தது போக மிஞ்சும் குளுக்கோஸ் முதலில் கிளைக்கோஜன் என்ற மாவாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்கிறது. அந்த இடம் சிறியது. அது நிறைந்த பிறகும் உண்டுகொண்டே இருந்தால், கல்லீரல் அசிட்டைல் கோ-ஏ-யைக் கொழுப்பு செய்யும் வழியில் அனுப்புகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கொழுப்பு செய்யும் முதல் படியில் அசிட்டைல் கோ-ஏ, மலோனைல் கோ-ஏ என்ற பொருளாகிறது. இந்த மலோனைல் கோ-ஏ, கொழுப்பு அமிலங்கள் எரியப்போகும் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலைத் தாழிட்டுவிடுகிறது. செய்வதும் எரிப்பதும் ஒரே நேரத்தில் நடந்து வீணாகக்கூடாது என்ற ஏற்பாடு இது. ஆனால் காலை முதல் இரவு வரை எதையாவது கொறித்துக்கொண்டும், இனிப்பு டீயும் ஜூஸும் குடித்துக்கொண்டும் இருந்தால் அந்தத் தாழ் திறக்க நேரமே கிடைக்காது.

"நான் எண்ணெயே சேர்க்கிறதில்லை, எனக்கு எப்படிக் கல்லீரல்ல கொழுப்பு?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். மூன்று வேளையும் மலை போலச் சோறு, இடையில் பிஸ்கட், சர்பத் என்று போனால், எண்ணெய் இல்லாமலே கல்லீரல் தானே கொழுப்பைச் செய்துகொள்ளும். சாராயமும் உடம்பில் அசிட்டைல் கோ-ஏ ஆகத்தான் முடிகிறது. அது கல்லீரலில் கொழுப்பு எரிவதையும் தடுக்கிறது. ஹராமை விலக்கிய குடும்பம் அந்தத் தீங்கிலிருந்து தப்பியது. ஆனால் ஹலாலான உணவையும் அளவு மீறித் தின்றால் கல்லீரல் மன்னிக்காது.

கொலஸ்ட்ரால்: முந்திரி மேல் சுமத்திய பழி

கொலஸ்ட்ராலின் இருபத்தேழு கார்பன்களும் அசிட்டைல் கோ-ஏ-யிலிருந்தே வருகின்றன. நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை, உடம்பே செய்துகொள்வது. எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி அந்தப் பாதையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து இந்த நொதியைத் தடுக்கும் பொருளைக் கண்டறிந்தார். இன்று இதய நோயாளிகள் இரவில் போடும் அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் மாத்திரைகள் அந்த வழியில் வந்தவை. "ரிப்போர்ட் நார்மலாயிடுச்சு" என்று அதைத் தானே நிறுத்திவிடுவது தவறு. மாத்திரை அந்தப் பாதையைப் பிடித்து வைத்திருப்பதால்தான் ரிப்போர்ட் நார்மல். நிறுத்தினால் உற்பத்தி மறுபடி தொடங்கும்.

நம் பகுதி முந்திரி விளையும் மண். விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் முந்திரி ரகங்களையே வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் "முந்திரியில கொலஸ்ட்ரால் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அதைத் தொடாதவர்கள் பலர். எந்தத் தாவர உணவிலும் கணக்கில் எடுக்கும் அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. சென்னையில் உள்ள மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம், இரண்டாம் வகை சர்க்கரை நோயுள்ள 300 பேரிடம் 12 வாரம் ஆய்வு நடத்தி 2018-ல் வெளியிட்டது. தினம் 30 கிராம் முந்திரி உண்டவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். கூடியது, மேல் ரத்த அழுத்தம் குறைந்தது, எடையோ சர்க்கரையோ கெடவில்லை. அது வறுக்காத, உப்பிடாத, ஒரு கைப்பிடி முந்திரி. நெய்யில் வறுத்துப் பிரியாணியில் போடுவதற்கும், அல்வாவில் போடுவதற்கும் இதை ஆதாரமாகக் காட்டக்கூடாது.

அதேபோல் கடலை எண்ணெய், பாமாயில் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இல்லை. பாமாயில் போல நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த எண்ணெயை அதிகம் ஊற்றினால், ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடவே செய்யும்.

காசநோய் மருந்தும் சென்னை ஆய்வும்

அசிட்டைல் கோ-ஏ எரிபொருள் மட்டுமல்ல. நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் அதிலிருந்து வருகிறது. மரபணுக்களைத் திறப்பதிலும் மூடுவதிலும் அதன் அசிட்டைலுக்குப் பங்குண்டு. சில மருந்துகளைக் கழிப்பதற்கும் கல்லீரல் அதையே பயன்படுத்துகிறது.

காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட் மாத்திரை அப்படி ஒன்று. கல்லீரல் அதன் மேல் அசிட்டைலை ஒட்டித்தான் செயலிழக்கச் செய்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இது வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இதை 1960-களில் விரிவாக ஆராய்ந்தது. மெதுவாகச் செய்பவர்களுக்கு மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்கி, கை கால் மரத்துப்போகும் வாய்ப்பு அதிகம். வேகமாகச் செய்பவர்களுக்கு, வாரம் ஒருமுறை மட்டும் மருந்து தரும் முறை போதிய பலன் தரவில்லை. காசநோய் மருந்தோடு பி6 மாத்திரை தருவது நரம்பைக் காக்கத்தான். அதை வெறும் சத்து மாத்திரை என்று ஒதுக்கக்கூடாது.

நோன்பில் என்ன நடக்கிறது?

இப்போது முதலில் சொன்ன பெரியவரிடம் திரும்புவோம்.

தமிழ்நாட்டில் நோன்பின் நேரம் ஏறத்தாழ 13 முதல் 14 மணி. ஆரோக்கியமானவருக்கு ஸஹர் உணவு செரித்து முடிந்ததும் இன்சுலின் குறைகிறது. ஆனால் முற்றாக நிற்பதில்லை. கல்லீரல் சேமித்த கிளைக்கோஜனைச் சிறிது சிறிதாக விடுகிறது. கொழுப்பும் கரைந்து, அசிட்டைல் கோ-ஏ ஆகி எரிகிறது. மாலையில் கல்லீரல் அதில் கொஞ்சத்தைக் கீட்டோனாக்கி அனுப்பத் தொடங்கும். மூளையும் இதயமும் அதை எரித்துக்கொள்ளும். இந்த அளவு கீட்டோன் தீங்கல்ல.

ஏன் கீட்டோன் தேவை? மூளை கொழுப்பு அமிலத்தை நேரடியாக எரிபொருளாகப் பயன்படுத்துவதில்லை. அந்தக் கொழுப்பு அமிலம் அசிட்டைல் கோ-ஏ ஆனபின் அதிலிருந்து குளுக்கோஸ் செய்யவும் முடியாது. பைருவேட் வந்த கேட் ஒருவழிப் பாதை. ஆகவே அசிட்டைல் கோ-ஏ-யை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கரையக்கூடிய கீட்டோனாக்கி மூளைக்கு அனுப்பும் ஏற்பாட்டை அல்லாஹ் கல்லீரலில் வைத்திருக்கிறான். சுப்ஹானல்லாஹ்.

இந்த ஏற்பாடு முழுவதற்கும் கடிவாளம், உண்ணாத நேரத்திலும் சுரக்கும் அந்தச் சிறிதளவு இன்சுலின். "இவ்வளவு கொழுப்பு போதும்" என்று நிறுத்துவது அதுதான். இன்சுலினே இல்லாமல் போனால் உடம்பு, ரத்தத்தில் சர்க்கரை வழிந்தாலும், பட்டினி என்றே எண்ணிக்கொள்ளும். கொழுப்பு கட்டுப்பாடின்றிக் கரைந்து கல்லீரலில் கொட்டும். கிரெப்ஸ் சுழற்சி ஏற்க முடியாத அளவு அசிட்டைல் கோ-ஏ குவியும். குவிந்ததெல்லாம் கீட்டோனாகும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் காற்றுக்கு மீறி விறகைத் திணித்தால் தீ எரியாமல் புகை மண்டுமே, அதைப் போல. கீட்டோன்கள் அமிலத் தன்மை உள்ளவை, ரத்தம் அமிலமாகிறது. அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறது. கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன்தான் அந்தப் பழ வாடை. இதற்குக் கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். சிகிச்சை தாமதித்தால் உயிர் போகும்.

1922-ல் முதன்முதலாக மனிதருக்கு இன்சுலின் தரப்படும் முன்பு, முதல் வகை சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் இப்படித்தான் மடிந்தார்கள். எங்கள் பெரியவர் சாப்பாட்டை நிறுத்தியபோது உடம்பு கொழுப்பின் பக்கம் திரும்பியது. அதே நாளில் கடிவாளத்தையும் அவர் கழற்றிவிட்டார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் சர்க்கரை நோயுள்ள 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிடம் எபிடியார் என்ற ஆய்வு நடந்தது. முதல் வகை நோயாளிகளில் 43 சதவீதமும், இரண்டாம் வகையில் 79 சதவீதமும் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள். ரமளானில் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது முதல் வகையில் 4.7 மடங்கும், இரண்டாம் வகையில் 7.5 மடங்கும் கூடியிருந்தது. ஆகவே ஊசியை நிறுத்துவது மட்டுமல்ல, நோன்பிலும் பழைய அளவையே போடுவதும் ஆபத்து. அளவை மாற்ற வேண்டும். மாற்றுபவர் மருத்துவராக இருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் 26.3 சதவீதம். ஜும்ஆவில் நம் ஸஃப்பில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மார்க்கத்தின் நிலை

நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில், நோயாளிக்கும் பயணிக்கும் சலுகையையும் அல்லாஹ் தந்துவிட்டான். குணமாகும் நோய் என்றால் பிறகு களா செய்ய வேண்டும். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோய் என்றால் ஃபித்யா கொடுக்க வேண்டும். அதன் அளவை உங்கள் மத்ஹபின்படி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊட்டத்துக்காக அல்லாத ஊசிகளால் நோன்பு முறியாது என்று ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் தீர்மானித்தது. இன்சுலின் அதில் அடங்கும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதாலும் நோன்பு முறியாது.

நம்பகமான மருத்துவர் "உங்களுக்கு நோன்பு ஆபத்து" என்று சொன்னபின், "அல்லாஹ் பாத்துக்குவான்" என்று வைப்பது தவக்குல் அல்ல. சலுகையைத் தந்தவனும் அவனே. அதை ஏற்பதும் வணக்கம்தான். அன்று பெரியவருக்கு நான் சொன்ன ஃபத்வாவில் பிழை இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் முழுமையாகியிருக்கும்.

குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியவை

1. சர்க்கரை நோயுள்ளவர் ரமளானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறை பார்த்த இரவில் அல்ல.
2. இன்சுலினைத் தானாக நிறுத்தவோ, அளவை மாற்றவோ கூடாது. முதல் வகை நோயாளிகள், சிறுநீரகம் பாதித்தவர்கள், அண்மையில் கீட்டோஅசிடோசிஸ் வந்தவர்கள், சர்க்கரை அடிக்கடி தாழ்பவர்கள், சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகள் ஆகியோர் அதிக ஆபத்தில் உள்ளவர்கள்.
3. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். இவற்றை எடுப்பவர்களுக்குச் சில வேளை சர்க்கரை மிக அதிகமாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் வரலாம்.
4. நோன்பு நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும். மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் சரி.
5. வாந்தி, வயிற்றுவலி, தீராத தாகம், ஆழ்ந்த வேகமான மூச்சு, பழ வாடை, மயக்கம் ஆகியவை தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். "இஃப்தார் முடியட்டும்" என்று காத்திருக்க வேண்டாம்.
6. ஸஹரை விடாதீர்கள். இஃப்தாரில் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சியோடு தொடங்குங்கள். சமோசா, வடை, சர்பத், பிறகு பிரியாணி என்று ஒரே மூச்சில் போனால், பகல் முழுக்கத் திறந்திருந்த கொழுப்பு எரியும் வாசல் இரவில் தாழிடப்படும்.
7. 'அசிட்டைல் கோ-ஏ கூட்டும்', 'கீட்டோன் தரும்' என்று விற்கப்படும் பொடி, மாத்திரைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அளவான உணவும் நடையும் அந்த வேலையைச் செய்யும்.

அந்தப் பெரியவர் இப்போது நோன்பு வைப்பதில்லை. ஃபித்யா கொடுத்துவிடுகிறார். நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தில் அஸர் முதலே வந்து உட்கார்ந்து, உப்புப் பார்க்கவும் பாத்திரம் எடுத்து வைக்கவும் முதல் ஆளாக இருக்கிறார். போன ரமளானில் ஒரு வாலிபர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், எனக்குச் சுகர். நோன்பு வைக்கலாமா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் பெரியவர் முந்திக்கொண்டார்: "மொதல்ல டாக்டர்ட்ட கேட்டுட்டு வா தம்பி. அப்புறம் ஹஜ்ரத்ட்ட கேளு."

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தையும் நல்ல விளக்கத்தையும் தருவானாக, ஆமீன்.